ஒரு நரம்புக்காக ஜெபித்தேன்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, இதை எழுதுவதற்கு என் மனைவி எஸ்தரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா நீங்க பண்ணத ஒண்ணு விடாம எழுதணும்" என்றாள். எழுதுகிறேன்.

நான் அவளை அடிப்பவனாக இருந்தேன். பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஊறிய தோல்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். எஸ்தர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்து எடுத்தார்கள். பிழைத்தாள். ஆனால் மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பயத்தில் குடித்தேன். குடித்துவிட்டு அவளையே அடித்தேன்.

போன வருஷம் சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு மத்தியானம். சோறு போட்டுக்கொண்டிருந்தவள், "வலது தோள் ரொம்ப வலிக்குதுங்க. கைய தூக்கவே முடியல" என்றாள்.

"இன்னா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்தினேன். தட்டைச் சுவரில் எறிந்தேன். இடது கையால் முகத்தை மறைத்தவளின் வலது கையைப் பிடித்து முறுக்கினேன். அலறினாள். கீழே தள்ளி அந்தக் கையை மிதித்தேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவரையும் தள்ளினேன். கதவில் மோதி அவர் நெற்றி புடைத்தது. அப்போதும் அவர் என் சட்டையை விடவில்லை. "அவளே நோயாளி. கொன்னுடுவியாடா நீ?" என்றார்.

நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்க மறுநாள் வேலூரில் மருத்துவமனைக்குப் போனோம். எஸ்தரை என்னோடு தனியே அனுப்ப மனமில்லாமல் ஷமீம் அக்காவும் வந்தார்.

டாக்டரின் அறையிலேயே, மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு இயந்திரம் இருந்தது. ஆராய்ச்சிக்காக வைத்திருந்தார்கள். கட்டியிலிருந்து பிரிந்த புற்று செல்கள் ரத்தத்தில் சுற்றுமாம். அது அவற்றைப் பிடித்துக் காட்டுமாம். எஸ்தர் சம்மதித்து, இடது கையால் கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஆபரேஷன் பண்ண பக்கம் ரத்தம் எடுக்கக் கூடாது. வலது கைய நீட்டுங்கம்மா" என்றார் நர்ஸ்.

எஸ்தர் முந்தானையை விலக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்து வீங்கியிருந்தது. நர்ஸ் ஊசி குத்தினார். ரத்தம் வரவில்லை. மறுபடியும் குத்தினார். எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நரம்பே கெடைக்கலயே. இன்னா ஆச்சு இந்தக் கைக்கு?"

எஸ்தர் முந்தானையால் கையை மூடப் பார்த்தாள்.

சபையில் நான் எத்தனையோ ஜெபம் பண்ணியிருக்கிறேன். பாதி, மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று. அன்றைக்கு உள்ளுக்குள்ளே கதறினேன். 'ஆண்டவரே, இவளுக்கு ஒரே ஒரு நரம்பு கொடும்.' என் வாய் தானாகத் திறந்தது. "நான்தான் சிஸ்டர் அடிச்சேன்" என்றேன்.

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எஸ்தரின் கட்டைவிரல் பக்கம் தடவித் தடவிப் பார்த்து மெல்லக் குத்தினார். குழாயில் ரத்தம் ஏறியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. புற்று செல் எதுவும் தென்படவில்லை. "இத மட்டும் வெச்சி சொல்ல முடியாது. ஸ்கேனும் பாத்துடலாம்" என்றார் டாக்டர். அந்த வாரமே ஸ்கேன் எடுத்தார்கள். எங்கேயும் புற்று இல்லை. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா தோள் எலும்புல விரிசல் இருக்கு. பலமா அடிபட்டிருக்கு. ஒரு மாசம் ஆயிருக்கும்" என்றார்.

நான் எஸ்தரைப் பார்த்தேன். "ஸ்டூலால அடிச்சீங்களே. போதையில உங்களுக்கு ஞாபகமில்ல. வலிக்கிறது அந்த அடியா, நோயான்னு எனக்கே தெரியல" என்றாள்.

எந்த வலியை நோய் என்று பயந்து அவளை மிதித்தேனோ, அந்த வலியைக் கொடுத்தவனே நான்தான்.

எஸ்தர் என்னோடு வீட்டுக்கு வரவில்லை. பள்ளிகொண்டாவில் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். போலீஸில் எழுதிக் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். குடியை விடச் சிகிச்சைக்குப் போனேன். அன்றிலிருந்து தொடவில்லை. ஷமீம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டபோது, "எங்கிட்ட கேட்டது போதும். அவகிட்ட தெனமும் கேளு" என்றார். ஏழு மாதம் கழித்து எஸ்தர் தானாக வந்தாள். "இன்னொரு தடவ கை நீண்டுச்சின்னா அன்னிக்கே போய்டுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அவளையும், என் கையிலிருந்தே என்னையும் காத்த ஆண்டவருக்கு நன்றி.

சகோதரனே, உன் வீட்டிலும் நோய் இருக்கலாம். உன் பயத்தை ஆண்டவரிடம் கொண்டு போ, அவள்மேல் இறக்காதே. நீ செய்ததை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். அடி வாங்குகிற சகோதரியே, ஜெபம் பண்ணு. ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பண்ணாதே. கதவைத் திறந்து வெளியே வா. கர்த்தர் வெளியிலும் இருக்கிறார்.