கீழேயிருந்து படிக்கிற மாப்பிள்ளை

மாப்பிள்ளை ஆள்காட்டி விரலைக் கம்ப்யூட்டர் திரையின் அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். பாதியில் விரல் நின்றுவிடுகிறது. "எண்பதுல போகலாம்னு போட்டிருக்கான். வீடியோல ரயில் ஓட்டுறவரு அறுபதுக்கு வந்துட்டாரு. ஏன்?" கேள்வி மனைவிக்கு அல்ல, சுவருக்கு. சுவருக்கும் தெரியவில்லை.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் ஜெர்மனி. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டி விளையாடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதில் சிலருக்குச் சும்மா ஓட்டினால் திருப்தி வராது. நிஜ ஓட்டுநரின் முன்னால் இருக்கும் அட்டவணை அச்சு அசலாக வேண்டும்: எங்கே என்ன வேகம், எந்த நிலையத்தில் எப்போது நின்று எப்போது கிளம்ப வேண்டும் என்பதெல்லாம். அதைத் தயாரித்துக் கொடுப்பவர்களில் இவர் ஒருவர். ஜெர்மனிக்குப் போனதில்லை. கம்ப்யூட்டர் ரயிலைக்கூட இவர் ஓட்டுவதில்லை. கேட்டால், "ஓட்ட ஆயிரம் பேர் இருக்காங்க" என்பார்.

அந்த அட்டவணையில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே ஓட்டுநர் அறைத் திரையில் அதைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். புறப்படும் ஊர் அடியில், போய்ச்சேரும் ஊர் உச்சியில். முன்னால் தெரிகிற தண்டவாளமும் அப்படித்தானே மேலே ஏறிப் போகிறது என்பது இவர் வாதம். பழகிப் பழகி, இப்போது செய்தித்தாளைக்கூட அடிப்பக்கத்திலிருந்துதான் மேய்கிறார்.

'உன் வீட்டுக்காரர் சாயங்காலம் பூரா என்னதான் செய்கிறார்' என்று கேட்பவர்களிடம் மனைவி "அது வந்து" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் அவளுக்கே வராது. சொந்தக்காரர்கள் அவருக்கு 'ஜெர்மன் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அப்பா அந்தப் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. அவருக்கு இவர் 'அந்தக் கண்ணாடிக் கடைப் பையன்'தான். தன் இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மாப்பிள்ளை மாட்டேன் என்றதிலிருந்து அந்த மனுஷன் மகள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவள் எத்தனையோ தடவை அழைத்தாள். அழுதும் பார்த்தாள்.

போன மாதம் எப்படியோ மனம் இரங்கி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: யாரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நிற்கக் கூடாது. போனில் மேப் பார்க்கிற சமாச்சாரமும் ஆகாது. வழியை எழுதி அனுப்பினால் போதும், தானே வந்துவிடுவார்.

மாப்பிள்ளை வேறு யாரையும் எழுத விடவில்லை. உட்கார்ந்து கட்டம் போட்டு, நிறுத்தம், மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி, தையல்கடை, வீடு என்று ஒன்றுவிடாமல் எழுதினார். எங்கே திரும்புவது, எங்கே மெதுவாக நடப்பது என்பதற்குத் தனிக் கட்டம். மூச்சு வாங்கி நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்தார். அவசரத்தில் மனைவி அதைப் பார்க்காமலே உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது.

"உங்க வீட்டுக்கு வந்துட்டேம்மா. ஆனா உங்க வீட்ல வேற யாரோ இருக்காங்க" என்றார் அப்பா.

அவள் திகைத்தாள். மாப்பிள்ளை வாசலுக்குப் போய்ப் பச்சைக் கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று வந்து சொன்னார். விசாரித்ததில் விஷயம் மெல்ல வெளியே வந்தது. தாளின் முதல் வரியில் 'வீடு, பச்சைக் கேட்' என்று இருந்திருக்கிறது. நிறுத்தத்துக்கு எதிரிலேயே ஒரு பச்சைக் கேட். அதைத் தட்டி, இது என் மகள் வீடு என்று ஒரு அம்மாளிடம் வாதாடியிருக்கிறார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். "கீழேருந்தா எழுதுனீங்க?"

"பின்ன?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வழி கீழேருந்துதானே ஆரம்பிக்கும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போனில் அப்பாவின் குரல் இறுகிவிட்டது. திரும்பிப் போகிற பஸ் நிற்கிறதாம், ஏறிவிடுகிறாராம். இன்று ஏறினால் இந்த ஜென்மத்தில் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை அவளிடமிருந்து போனை வாங்கினார். மாமனாரோடு இவர் நேராகப் பேசி எவ்வளவோ காலமாகிறது.

"மாமா, தப்பு என்னுதுதான். தாளை நேரா பிடிச்சுக்கோங்க. நீங்க நிக்கிறது கடைசி வரி. அதுல விரலை வைங்க. ஒவ்வொரு வரியா மேல ஏறி வாங்க."

போனில் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது. பிறகு அது தேய்ந்து போனது. செருப்புச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

மருந்துக்கடை வந்தது, திரும்பினார். தண்ணீர்த் தொட்டி வந்தது, செருப்புச் சத்தம் நின்றது.

"இங்க மெதுவானு போட்டிருக்கே, எதுக்கு?"

"அங்க கல்லு பேந்திருக்கும் மாமா. உங்களுக்குத் தடுக்கும்."

போனில் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட மெதுவாக.

தையல்கடை திருப்பத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் மனைவி ஓடினாள். அப்பா அவளைப் பார்த்துத் தலையசைத்தார், ஆனால் நிற்கவில்லை. பச்சைக் கேட்டுக்கு முன்னால் வந்து, தாளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். மாப்பிள்ளை கேட்டை விரியத் திறந்து பிடித்தார். பெரியவர் உச்சி வரியிலிருந்து விரலை எடுத்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, அது பத்திரமாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றினார்.