பலகை இறங்கிய வேளை

நாட்டின் மத்திய வங்கியைத் தாங்கும் தூண்கள் பல. அவற்றில் சம்பளம் ஆகக் குறைந்த தூணுக்குப் பித்தளை என்று பட்டப்பெயர். கவர்னர் அறைக் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகையை மாட்டுவது, துடைப்பது, கவர்னர் போனதும் அதைக் கழற்றிவிட்டு அவர் படத்தை மாடிப்படிச் சுவரில் தொங்கவிடுவது, இதுதான் அவர் உத்தியோகம். இருபது வருடமாகத் தற்காலிகம்.

வங்கியின் வரலாறு தெரிய வேண்டுமா? புத்தகம் வேண்டாம், அந்தப் படியேறினால் போதும். முதல் கவர்னர் ஆளுயர எண்ணெய் ஓவியம். மீசை மட்டுமே ஒரு முழம். அடுத்தவர் இடுப்பு வரை. பணத்தின் மதிப்பு இறங்க இறங்கப் படங்களும் சுருங்கி, மேல்மாடியில் பாஸ்போர்ட் அளவுக்கு வந்து நிற்கின்றன.

நடுவில் ஒருமுறை இரண்டு பேர் ஆளுக்கொரு உத்தரவோடு ஒரே நாற்காலிக்கு வந்து சேர, அன்றே ஒரு விதி எழுதினார்கள்: கதவில் எவர் பலகையோ அவரே கவர்னர். பலகை இல்லாத வேளையில் போட்ட கையெழுத்து நீர் மேல் எழுத்து.

பித்தளைக்கு வேண்டியதும் ஒரே ஒரு கையெழுத்து. வேலை நிரந்தரமானால் மனைவிக்கு வங்கி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். போன வாரம்தான் அந்த அம்மாள் கரப்பான் பூச்சியைப் பேரீச்சம்பழம் என்று தட்டில் எடுத்து வைத்தாள். அடுத்த மாதம் பித்தளைக்கு நிரந்தரமாவதற்கான வயது வரம்பு தாண்டுகிறது. அவர் கோப்பைப் பார்த்த கவர்னர்கள் அத்தனை பேரும் பேனா மூடியைத் திறப்பதற்குள் வீட்டுக்குப் போனவர்கள்.

இப்போதிருந்தவர் நல்ல மனிதர். "நாளைக்குக் காலைல உங்க ஃபைல்தான் முதல்ல" என்று அவராகவே சொன்னார்.

பித்தளைக்குத் தலைகால் புரியவில்லை. அப்பேர்ப்பட்டவர் பெயர் அழுக்கேறிக் கிடக்கலாமா? விடிந்ததும் பலகையைக் கழற்றி, கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், முகம் தெரியத் தெரியத் தேய்த்தார். தேய்த்து முடித்து எழுந்தபோது காவலாளி ஓடிவந்தார்.

"மாட்ட வேணாம் அண்ணே. ரேடியோவுல சொல்லிட்டாங்க. ஐயாவைத் தூக்கிட்டாங்க."

"என் ஃபைலு?"

"அதெல்லாம் ஐயா காலைல வந்ததும், ரேடியோ சொல்றதுக்கு முன்னாலயே கையெழுத்துப் போட்டுட்டாராம்."

பித்தளைக்குப் போன உயிர் திரும்பியது. மேலே போனால், பதவி போனவரின் கடைசி நாள் கையெழுத்துகளைச் சலித்துக்கொண்டிருந்தார் கண்காணிப்பாளர். சொந்தத் தகப்பனாரின் உயிலிலேயே பிழை கண்டுபிடித்த புண்ணியவான்.

"ஏங்க பித்தளை, சார் இதுல கையெழுத்துப் போட்டப்ப கதவுல பலகை இருந்துதா?"

பலகை பித்தளையின் கக்கத்தில் இருந்தது.

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"இருக்கு, இருக்கு. கண்ணு கூசுது. ஆனா அந்த நேரத்துல இந்த பேங்குக்குக் கவர்னரே இல்லையேய்யா!"

அட்டைப்பெட்டியும் கையுமாக அறையிலிருந்து வெளியே வந்த கவர்னர் எல்லாவற்றையும் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அதில் அச்சாகியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"வேடிக்கையைப் பாருங்க. இது நாட்டுல எல்லார் பையிலயும் செல்லுது. உங்க ஃபைல்ல மட்டும் செல்லல."

"நான்தான் சார் கழட்டினேன்."

"பலகையை நீங்களே வச்சுக்கங்க" என்றார் கவர்னர். கொடுப்பதற்கு அவரிடம் வேறு அதிகாரம் மிச்சமில்லை.

வீட்டில் மனைவி பலகையை மடியில் வாங்கி, எழுத்து எழுத்தாகத் தடவினாள்.

"கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு. செல்லாதாம்."

அவள் முந்தானையால் பலகையை ஒரு துடை துடைத்தாள்.

"இதையா காலைல தேச்சீங்க? நல்லா பளபளன்னு வந்துச்சா?"

"கண்ணு கூசுதுன்னு கண்காணிப்பாளரே சொன்னாரு."

அவள் பலகையை முகத்தருகே தூக்கி, வெளிச்சம் வரும் பக்கமாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கூசலையே" என்றாள்.