அணஞ்சு போச்சு

வானத்திலிருந்து நெருப்பு விழுவதை என் ஆயுளில் மூன்று முறை பெரிதாகப் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்னதாக விழுவதைச் சேர்க்கவில்லை. இருட்டில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனுக்கு அது வாடிக்கையான காட்சி. எங்கள் பக்கத்தில் அதற்கு எரிகொள்ளி என்று பேர். அதைப் பார்த்தால் மறதி வந்துவிடும், உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். கும்மிருட்டில் பச்சை மரத்துக்கு நான் எங்கே போவேன்? மறதி வந்திருந்தால் எனக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

முதலாவதைப் பார்த்தது தேவாரம் என்ற ஊரில், மாமன் வீட்டுக் கல்யாணத்தில். எனக்கு அப்போது பதினோரு வயது. மலைக்கு மேலே பூசணிக்காய் அளவுக்குச் சிவப்பாக ஒன்று போய் மறைந்தது. பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பார்த்தார்கள். பார்க்காத பாதிப் பேர்தான் மறுநாள் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. பெரியாற்று அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து எங்களுக்கு இரண்டு போகம் நெல் கொடுத்தது. சாப்பாடு அந்த அணையால்தான். பயமும் அந்த அணையால்தான். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ரயிலேறி வந்த குடும்பங்கள் தேனியில் வீடு தேடிக்கொண்டிருந்தன. அவர்களோடு வதந்தியும் வந்து இறங்கியது. ஜப்பான்காரன் முதலில் அணைகளைத்தான் அடிப்பானாம். நம் அணை இருப்பது ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரியும் என்று காப்பிக்கடையில் கேட்டேன். "தெரியாமயா அம்புட்டுத் தூரத்துல இருந்து சண்டைக்கு வாரான்?" என்றார் கடைக்காரர்.

அந்தச் சமயத்தில் அக்கா எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தாள். போடி கடைத்தெருவில் வேலை பார்க்கிறவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஆத்தா மூன்றாம் மாதமே போய் அழைத்து வந்துவிட்டாள். பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். உத்தமபாளையத்து மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை வேண்டுமென்றால் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் உள்ளறைக் கட்டில்தான் அக்காவுக்கு ஊரும் உலகமும். குளிப்பது, தலை வாருவது, சாப்பிடுவது எல்லாம் படுத்தபடி. வயல் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. படுத்திருந்தால் அதில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அப்படி நான்கு மாதம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலைதான், அந்தப் பிள்ளை.

ஐப்பசிக் கடைசி. மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்தது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். எங்கள் வீடுதான் ஊரின் கடைசி வீடு, அதன் புறவாசலைத் தாண்டினால் எங்கள் வயல். நான் மடை அடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் நிழல் எனக்கு முன்னால் விழுந்தது. விழுந்த நிழல் நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், கிழக்கேயிருந்து மேற்கே தலைக்கு மேலே ஒரு நெருப்பு உருண்டை போகிறது. வெள்ளையும் பச்சையுமாக ஒரு வெளிச்சம். நெற்பயிர் பட்டப்பகலில் தெரிவதுபோல் பச்சையாகத் தெரிந்தது. மேற்கு மலைக்கு மேலே போய் நான்கைந்து துண்டாக உடைந்து, ஒவ்வொன்றாக அவிந்தது. மண்வெட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். பயம் வரவில்லை. இவ்வளவு அழகாக ஒன்றைப் பார்த்துவிட்டோமே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆத்தா மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுப் புறவாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"ஏலே, அங்கன என்னலே வெளிச்சம்?"

எனக்குத் தொண்டை பெரிது. அக்கரையில் நிற்கிறவனிடம் நான் ரகசியம் பேசுவேன் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அந்தத் தொண்டையில் சொன்னேன்.

"ஒண்ணுமில்லாத்தா. அணஞ்சு போச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கே மலைக்குள்ளிருந்து குமுறிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. மேகமே இல்லாத வானத்தில் இடி. நான் சொன்னதில் பாதியை அது விழுங்கிவிட்டது. ஆத்தா காதில் விழுந்தது "அண போச்சு" மட்டும்தான்.

கண்ணால் வெளிச்சத்தைக் கண்டாகிவிட்டது, காதால் வெடியைக் கேட்டாகிவிட்டது, அணை போய்விட்டது என்று பெற்ற மகனே சொல்கிறான். ஆத்தாவைக் குற்றம் சொல்ல இடமில்லை. தெருவில் இறங்கி ஓடியிருக்கிறாள். நான் மடையை ஒழுங்காக அடைத்து, மண்வெட்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் ஊரே பானை சட்டியோடு கரட்டு மேட்டுக்குக் கிளம்பிவிட்டது. எதிரே வந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, அணையை உடைத்துவிட்டார்கள், அக்காவைத் தூக்கு என்றார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் நம்பினேன். என் வாயிலிருந்து போன சொல்தான் ஊரைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்திருக்கிறது என்று அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"தூக்குனா தாங்குமா? ஒனக்கு எப்படித்தா இருக்கு?"

"ஒண்ணும் செய்யாது. போகலாம்" என்றாள் அக்கா.

கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினோம். ஊருக்கு வடக்கே இருக்கும் பாறைக் கரடுதான் எங்களுக்கு மேடு. ஏறும்போது கட்டில் சாய்ந்தது, ஒருவருக்குக் கால் இடறியது, ஒரு இடத்தில் தொப்பென்று கீழே வைத்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மேலே போய்ப் பாறையில் கட்டிலைப் போட்டோம். நல்ல குளிர். எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தாள். சின்ன எரிகொள்ளிகள் விழ விழ எனக்கு விரலை நீட்டிக் காட்டினாள். யாரோ கொடுத்த பொரியை வாங்கித் தின்றாள், சிரித்தாள்கூட. ஆத்தா பயப்படக் கூடாது என்று தைரியமாக நடிக்கிறாள் என நினைத்து, அவள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டாயிற்று.

விடிந்தது. ஆறு முந்தின நாள் போன அளவே போய்க்கொண்டிருந்தது. உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு வாய்க்கால் மராமத்து ஓவர்சீயர் நாங்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அதோடு விட்டாரா? அணை உடைந்தாலும் தண்ணீர் மேற்கே மலையாளத்துப் பக்கம்தான் போகும், உங்களுக்கு வெள்ளம் வராது, வறட்சிதான் வரும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். முதல் நாளே வந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. யார் சொல்லி ஓடினோம் என்று பின்னோக்கி விசாரித்துக்கொண்டே போனதில் அது என் வீட்டுப் புறவாசலில் வந்து நின்றது. அணை உடைத்தவன் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருபது நாள் கழித்து அக்காவுக்கு வலி கண்டது. மாதம் நிறையவில்லை. பெண் குழந்தை. ஒரு பகல் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டது.

கட்டிலில் தூக்கியதால் வந்தது இல்லை, முந்தின இரண்டும் போனது மாதிரிதான் இதுவும் என்று மருத்துவச்சி சொன்னாள். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் என்னை அணை உடைத்தவன் என்று கூப்பிடவில்லை. கேலியை நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூப்பிட்டுச் சிரித்திருந்தால், இது என்னால் வந்தது இல்லை என்று அவர்கள் உண்மையிலேயே நினைக்கிறார்கள் என்று நம்பியிருப்பேன். ஆத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் அன்றிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அக்கா போடிக்குத் திரும்பினாள். பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் வருவாள், போவாள். என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாள். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல நான்கு வருஷமாக வாய்ப்புப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தொண்டை வரைக்கும் வரும். ஊருக்கே கேட்கிற குரல், அதற்கு மட்டும் வெளியே வரவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மாசியில், சிவராத்திரிக்கு வந்தவளை பஸ் நிற்கும் இடத்திலிருந்து அழைத்து வந்தேன். வயல் வரப்பில் நடக்கும்போது இருட்டிவிட்டது. கிழக்கே மேகமலைப் பக்கம் ஒரு வெளிச்சம் இறங்கியது. நான் பார்த்த மூன்றாவது அதுதான். இரண்டாவது அளவுக்குப் பெரிதில்லை, சத்தமும் இல்லை. இருவரும் பார்த்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குச் சரியாத்தான்லே கேட்டுச்சு" என்றாள் அக்கா.

எனக்குப் புரியவில்லை.

"சன்னலுக்கு நேரா நின்னுல்ல சொன்ன. அணஞ்சு போச்சுன்னுதான் கேட்டுச்சு. ஆத்தா தப்பா வெளங்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடுனது எனக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏங்க்கா?"

"நாலு மாசமா அந்த விட்டத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். தூக்கிட்டுப் போறேன்னாக. ஒரு ராத்திரி வெளியில கெடக்கலாமேன்னு ஆசையா இருந்துச்சு."

நான் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். என் பாரம் இறங்கியது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அது அவளிடம் இருந்திருக்கிறது என்பதைக் கேட்டபோது அழுகைதான் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"அது தூக்குனதால வந்தது இல்லக்கா. மருத்துவச்சி அன்னைக்கே சொன்னாகளே."

"ஒன்கிட்டயும் அதத்தான சொன்னாக."

"ஆமா."

"நீ நம்புனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரப்பில் அந்த இருட்டில் அவள் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

"இல்லக்கா" என்றேன்.

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். வரப்பு வழுக்கும் என்பதால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தாள்.