நெஞ்சுக்குள் போன கஞ்சி

எனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, மதுரையில் அந்தக் குழாயை வெட்டியெடுத்து, இரைப்பையை நெஞ்சுக்குள் மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டினேன். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவேன். பிறகு இடது தோளும் வலித்தது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் கரண்ட்டு போய்த் தறிகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. பக்கத்துத் தறி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மடியில தண்ணி பாட்டில் வச்சிருக்கியளா? சளக்கு சளக்குங்குது."

"இல்லக்கா."

கிட்டே வந்து காது கொடுத்தார். "ஏயப்பா, ஒங்க நெஞ்சுக்குள்ள இருந்துல்ல வருது!"

இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருந்தது. நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் விடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் இதயத்தைச் சுற்றிக் காற்று தெரிந்தது. டாக்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். பயம் அப்போதுதான் வந்தது.

மதுரையில் ஸ்கேன் எடுத்த பின் டாக்டர் என் மனைவிக்குத் தாளில் படம் வரைந்து காட்டினார். "மாத்திரையால இரைப்பையில புண்ணு வந்திருக்கும்மா. அது ஓட்டையாகி, இதயத்தச் சுத்தியிருக்கிற உறைக்குள்ள திறந்துருச்சு. ரொம்ப அபூர்வம். உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"அப்ப அவுக குடிச்ச கஞ்சி நெஞ்சுக்குள்ளயா போச்சு?"

"கொஞ்சம் போயிருக்கு."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

உறைக்குள் இருந்த சீழையும் காற்றையும் வெளியேற்றி, ஓட்டையை மூடி, மேலே தசையை வைத்துத் தைத்தார்களாம். எனக்கு நினைவு வந்தபோது நெஞ்சில் இரண்டு குழாய்கள். பல நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் ஆகாரம். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

மூன்றாவது வாரம் எக்ஸ்ரே மெஷின் முன்னால் நிற்கவைத்து ஒரு மருந்தைக் குடிக்கச் சொன்னார்கள். கசந்தது. அதைக்கூட ஆசையாகத்தான் விழுங்கினேன். திரையில் அது கறுப்புக் கோடாக இறங்குவதை நானும் பார்த்தேன். இதயத்துக்குப் பக்கத்தில் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"மூச்சு விடுங்கய்யா," என்றார் மெஷின்காரர். "எங்கயும் கசியல."

வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நர்ஸைத் தேடிப்போய், "தண்ணி குடுக்கலாமா?" என்று கேட்டாள்.