வட்டுக்கோட்டையில் ஒரு வெங்காயக் கணக்கு

சனிக்கிழமை, மதியம். யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது பசிகூடத் தெரியவில்லை, அவ்வளவு ஆவல். வெளியிலிருந்து வரும் பெரிய வெங்காயமான பம்பாய் வெங்காயத்துக்கு வரியைக் குறைத்தால் இலங்கையில் யார் எதை எவ்வளவு வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் கணித மாதிரி ஒன்றைக் கொழும்பில் நாங்கள் சிலர் உருவாக்கி வருகிறோம். மற்ற எல்லாப் பகுதிக்கும் எண்கள் வந்துவிட்டன. வடக்கின் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கோயில் பார்க்க வருகிறவர்கள் வரட்டும், கடற்கரை பார்க்க வருகிறவர்களும் வரட்டும். நான் வெங்காயம் பார்க்க வந்தேன்.

வட்டுக்கோட்டை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் குணம் அண்ணையும் அந்த ஊர்க்காரர்தான்; ஆயிரத்து ஐந்நூறு ரூபா கேட்டார். மானிப்பாய், சங்கானை தாண்டும் வரை நான் வந்த காரியத்தை அவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். கேட்காமலே விளக்குவது என் பழக்கம்.

பின்னேரம் நான்கு மணி. தங்க இடம் தந்தவர் என் நண்பரின் உறவினரான மலரக்கா. நாலு பரப்புக் காணியில், அதாவது கால் ஏக்கரில், சின்ன வெங்காயம் செய்கிறார். கொட்டிலின் கூரை முழுக்க விதை வெங்காயம் பிடிபிடியாகத் தொங்கியது.

"நாலு பரப்பிலையும் வைக்கிறதோ, ரெண்டோடை நிப்பாட்டிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன் தம்பி," என்றார். "கிண்டுற நேரம் பாத்து வரியைக் குறைச்சால் என்ரை வெங்காயத்தை ஆர் வாங்குவினம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன், அக்கா," என்றேன் பெருமையாக.

ஞாயிறு, காலை எட்டு மணி. குணம் அண்ணை வீடு வீடாகக் கூட்டிப்போனார். என் முறை எளிது. ஒரு சுளகில், அதாவது முறத்தில், சின்ன வெங்காயம், இன்னொன்றில் பம்பாய் வெங்காயம். கையில் பத்துப் புளியங்கொட்டை. அதுதான் ஒரு வாரத்துக்கு வெங்காயத்துக்கான காசு. பம்பாய் வெங்காயத்தின் விலையை நான் படிப்படியாகக் குறைப்பேன். அவர்கள் கொட்டைகளை விரும்பிய சுளகில் பிரித்து வைக்க வேண்டும்.

முதல் வீடு, மலரக்காவின் பக்கத்து வீட்டுப் பரமேசக்கா. விலையைப் பாதியாக்கினேன். பத்துக் கொட்டையும் சின்ன வெங்காயத்திலேயே இருந்தன.

"என்ன விலையெண்டாலும் எங்களுக்கு எங்கடை வெங்காயம்தான்," என்றார்.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விலைக்கு அசையாத மக்கள்! இப்படி ஒரு விடை ஆயுளில் ஒரு தடவைதான் கிடைக்கும் என்று துள்ளினேன்.

மதியம் ஒரு மணி. பரமேசக்கா வீட்டில் சாப்பாடு. முட்டைப் பொரியலில் பெரிய பெரிய வெங்காய வளையங்கள். கை கழுவப் போகும் வழியில் சமையல் நடக்கும் குசினியைப் பார்த்தேன். ஒரு கூடை நிறையப் பம்பாய் வெங்காயம்.

"அக்கா, இது?"

"அது... முட்டைக்குத்தானே தம்பி," என்றவர் குணம் அண்ணையைப் பார்த்தார். அண்ணை முகட்டைப் பார்த்தார்.

"நான்தான் எல்லாருக்கும் சொல்லி வைச்சனான்," என்றார் கடைசியில். "நீங்கள் சொல்லுற பதிலிலைதான் வரி நிக்கும், மலரை விட்டுக்குடுக்காதேங்கோ எண்டு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பம்பாய் வெங்காயம் எவ்வளவு மலிந்தாலும் சின்ன வெங்காயத்தை யாரும் விடமாட்டார்கள் என்றால் என் கணித மாதிரி என்ன சொல்லும்? தாராளமாக வரியைக் குறையுங்கள், விவசாயிக்கு ஒரு நட்டமும் இல்லை என்றல்லவா சொல்லும்! இதைச் சொன்னதும் குணம் அண்ணை தலையில் கை வைத்தார்.

"ஐயோ, நாங்களே அவளின்ரை கழுத்தை அறுக்கப் பாத்தமோ?"

செய்தி கேட்ட மலரக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "விசர்ச் சனம்! என்ரை வெங்காயத்தை வித்துப்போட்டு நானே பம்பாய் வெங்காயம்தான் வாங்கிச் சமைக்கிறனான்."

திங்கள், மாலை. ஊர் வாசிகசாலையில் எல்லோரையும் கூட்டி மறுபடி தொடங்கினோம். மலரக்கா முன்வரிசையில் இருந்ததால் ஒருவரும் கொட்டையைத் தொடவில்லை. அவரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன்.

"நான் போகமாட்டன். என்ரை முகத்துக்கு முன்னாலை சொன்னால்தான் அது உண்மை."

பரமேசக்கா எழுந்து வந்தார். விலையைக் குறைத்தேன். ஒரு கொட்டையைப் பம்பாய்ச் சுளகுக்கு மாற்றினார். இன்னும் குறைத்தேன். இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மலரக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மலர், கோவிக்காதை."

"கோவிக்கேல்லை. உள்ளபடி வை. இன்னும் வைப்பாய், வை."

பாதி விலைக்கு வந்தபோது சின்ன வெங்காயத்தில் மிஞ்சியவை இரண்டு கொட்டைகள்.

"இது சம்பலுக்கு. இதை விடமாட்டன்," என்றார் பரமேசக்கா. வாசிகசாலை கொல்லென்று சிரித்தது. பிறகு ஆளுக்கொரு விதமாக வந்து வைத்தார்கள். நான் ஓடி ஓடிக் குறித்துக்கொண்டேன். உயிருள்ள எண்கள்! என் சந்தோஷத்துக்கு அளவில்லை. மலரக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் சுளகு வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய், காலை. ஓட்டோ வாசலில் நின்றது. "என்ன முடிவு, அக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பரப்பு வைக்கிறன். வரியைக் குறைக்காமல் விட்டால்தான் மிச்ச ரெண்டும்; அதுக்கு உங்கடை கணக்கு கெதியாப் போய்ச் சேரட்டும்."

அதை உரிய இடத்தில் சேர்க்கும் அவசரத்தோடு புகையிரதத்தில் ஏறினேன். கொழும்பில் என் மாடிக் குடியிருப்பிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அங்கே முதல் தடவையே எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். அந்த வெங்காயத்தை நட்டவர் யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.