கோட்ஃப்ரீட் ஸால்ஸ்மனின் கல்

அம்மா யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. வீட்டுக்கு ஒரு நாள், ஒரே சாவி. அந்தச் சாவியை ஒருமுறை அரைநாள் தாமதமாகத் தந்த மேல்வீட்டுக்காரிக்கு அம்மா பதினோரு வருடம் வணக்கம் சொல்லவில்லை. அந்தப் பெண் வீடு மாறிப் போன அன்று சாமான் வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகுதான் காபி குடித்தாள்.

அம்மாவின் பெயர் எல்ஸ்பெத். வின்டர்தூர் நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் இஸ்திரி போட்டவள். அப்பா எர்வினுக்கு டயர் கடையில் வேலை. எங்கள் இரு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தது வரலாறு. மூன்றாம் வருடத்தில், எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் ஊராட்சிகள் ஏழைப் பிள்ளைகளைப் பண்ணை வீடுகளுக்கு வேலைக்கு ஒப்படைத்த வழக்கத்தைப் பற்றி இருபத்தெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண். அம்மா அப்படி ஒப்படைக்கப்பட்ட பிள்ளை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கு ஒருமுறை பித்தப்பையில் அறுவை நடந்தது என்று தெரிந்திருந்ததைப் போல. கட்டுரைக்காக மூன்று ஆவணக் காப்பகங்களுக்குப் போனேன். சமையலறைக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2008 பிப்ரவரியில் அவளாகவே என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ரெகுலா, பெர்ன் மாநிலத்துல ஒரு கல்லறையை எத்தனை வருஷம் கழிச்சு எடுப்பாங்க?"

தேடிப் பார்த்து, "இருபது. அப்புறம் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க" என்றேன்.

"கல்லு?"

"சொந்தக்காரங்க எடுத்துக்கலாம். யாரும் வரலைன்னா ஊராட்சி உடைச்சுடும்."

தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்காகத்தான் ஐந்து வருடம் படித்திருந்தேன்.

மே மாதம், "எம்மன்டால் பக்கம் ஒரு சுற்று போவோம்" என்று அவள் சொன்னபோது அப்பாவால் நம்ப முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத் தொலைக்காட்சியில் சொன்னாலே சேனல் மாற்றுகிறவள். அப்பா பழைய சுபாரு காரைக் கழுவினார், அவித்த முட்டை, தொத்திறைச்சி, கடுகு, உருளைக்கிழங்கு சாலட், ஃபிளாஸ்க் எல்லாம் கட்டி வைத்தார். அம்மா தன் பங்குக்கு இரண்டு கனமான பலகையும் ஒரு கயிறும் டிக்கியில் போட்டாள்.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"இருக்கட்டும்."

பெருஞ்சாலையில் போக வேண்டாம் என்றாள். ஊர் ஊராகப் போனோம். பர்க்டோர்ஃப் தாண்டி, நீண்டு தாழ்ந்த கூரைகள் உள்ள பண்ணை வீடுகள் தொடங்கியதும் அப்பாவுக்கு உற்சாகம்.

"எல்ஸி, இங்க மெரிங்கே இனிப்பு சாப்பிடணும்டி. தலை உயரத்துக்குக் கிரீம் வெச்சுத் தருவாங்களாம்."

"இந்த ஊர்ப் பாலை நான் போதுமான அளவு கறந்துட்டேன். நீ சாப்பிடு."

"தனியா எப்படிச் சாப்பிடறது?"

"நான் ஒன்பது வருஷம் தனியாத்தான் சாப்பிட்டேன்."

அப்பா மெரிங்கே பேச்சை விட்டுவிட்டார். அதன்பின் அவள் சாலையைப் பார்த்தபடியே பேசினாள். நான் பின் இருக்கையில் இருந்தேன். அவளுக்கு ஏழு வயதில் அவளுடைய அப்பா இறந்தார், தாய்க்கு நோய். ஊராட்சி ஆள் ஒருவர் ரயிலில் கூட்டிவந்து ஸால்ஸ்மன் என்ற பண்ணைக்காரர் வீட்டு வாசலில் விட்டுப் போனார். காலை ஐந்து மணிக்குத் தொழுவம். பிறகு பள்ளி. பிறகு மறுபடி தொழுவம். சாப்பாடு அடுப்புப் பக்கத்து மரப்படியில், தட்டு மடியில். அந்தப் பயணம் வரை எங்கள் வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள், அதுவும் நின்றுகொண்டே. நான் அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"எட்டு வயசுல ஒருநாள் வாய் தவறி அவனை அப்பான்னு கூப்பிட்டுட்டேன். மேசையில எல்லாரும் இருந்தாங்க. குதிரை வாரால அடிச்சான். நான் உனக்கு அப்பன் இல்ல, அந்த வார்த்தை உன் வாய்ல வரக்கூடாதுன்னான். அடுத்த மூணு நாள் படுத்தா வலிக்கும், உக்காந்தா வலிக்கும். நின்னுக்கிட்டே இருந்தேன்."

அப்பா வேகத்தைக் குறைத்தார். என் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் 'உடல் தண்டனை' என்று ஒரு உபதலைப்பு உண்டு. மூன்று பத்திகள்.

தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். 1988 வரிசையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊராட்சி வேலையாள், நாற்பது வயதிருக்கும், சிறிய இயந்திரத்தால் கற்களைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஐந்தாவது கல்லின் முன் நின்றாள். சாம்பல் நிறக் கிரானைட், இடுப்பளவு. கோட்ஃப்ரீட் ஸால்ஸ்மன், 1909–1988. கீழே கோதுமைக் கதிர் செதுக்கியிருந்தது.

"இது எனக்கு வேணும்" என்றாள்.

"நீங்க சொந்தமா?" என்றார் வேலையாள்.

"இந்த வீட்டுல வளர்ந்தவ."

"சொந்தமா இருந்தாத்தான் கொடுக்கலாம் அம்மா. படிவத்துல உறவு எழுதணும். மகன் இப்ப வர்றேன்னார், அவரைக் கேட்டுக்குங்க."

அம்மாவின் முகம் இறுகியது. மகன் வருவது மட்டும் அவள் கணக்கில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. "வா, போயிடலாம்" என்று அப்பா அவள் முழங்கையைத் தொட்டார். கையை உதறினாள்.

மகன் வெர்னர் டிராக்டரில் வந்தார். அறுபது தாண்டிய, சிவந்த கன்னமுள்ள மனிதர். கல்லறையில் வைத்திருந்த பெகோனியாப் பூந்தொட்டியை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். கல் வேண்டாமாம், முற்றத்தில் இடமில்லையாம். அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"நீ எல்ஸிதானே? எங்க எல்ஸி?"

"ஆமா வெர்னர்."

"அடடே. நாப்பது வருஷம் இருக்குமே. எங்க அப்பாவைப் பாக்கவா வந்திருக்கே?" அவர் குரல் இளகியது. "இப்ப டிவியில என்னென்னவோ சொல்றாங்க, பண்ணையில விட்ட பிள்ளைங்களைக் கொடுமை பண்ணாங்கன்னு. எல்லா வீடும் அப்படியா? உன்னை நாங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதானே வெச்சிருந்தோம்."

அப்பாவின் காது சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"வீட்டுப் பிள்ளைதானே?"

"பின்னே?"

"அதை இவர்கிட்டச் சொல்லு. நான் பிள்ளைன்னு நீ சொன்னா கல்லைக் கொடுப்பாராம்."

வெர்னர் வேலையாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தன் வார்த்தையை அவரால் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தது. எடுக்க அவருக்கு எண்ணமும் இல்லை. உண்மையிலேயே நெகிழ்ந்து போயிருந்தார்.

"எழுதிக்கட்டும்பா. பிள்ளை மாதிரிதான்."

"மாதிரின்னு படிவத்துல இடமில்லையே" என்றார் வேலையாள்.

"அப்ப மகள்னே எழுது எல்ஸி" என்றார் வெர்னர்.

அம்மா படிவத்தைக் கல்லின் தலைமேல் வைத்து எழுதினாள். மகள். பள்ளிக்கூடக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எழுதி முடித்ததும் கல்லைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "எழுந்து வந்து அடி" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

பலகையும் கயிறும் எதற்கென்று அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று ஆண்களும் சேர்ந்து கல்லை ஏற்றினார்கள். வெர்னர்தான் அதிகம் பாரம் தாங்கினார், மூச்சு வாங்கியது.

"எங்க வைப்பே?"

"எங்க தோட்டத்துல, வாசல்லயே. தினமும் அவரை நினைக்கணும்ல."

வெர்னர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வழியில் மழை வரும் என்று அம்மா மறுத்தாள். வானத்தில் மேகமே இல்லை.

திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் இறங்கியிருந்தது. வளைவுகளில் அப்பா வண்டியைத் தவழ்வதுபோல் ஓட்டினார்.

"பின் டயர் ரெண்டும் போச்சு" என்றார்.

"டயர் கடையிலதானே வேலை பாக்கறே" என்றாள் அம்மா. முட்டையை உரித்து, காரில் உட்கார்ந்தபடியே, நாங்கள் தொடங்குமுன்பே தின்னத் தொடங்கினாள்.

நகரத்தின் ஓரத்தில் ரயில்பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு காய்கறிப் பாத்தியும் சிறு மரக் கொட்டகையும் உண்டு. கொட்டகை வாசலில் மண்ணைத் தோண்டி, கல்லைப் படுக்கவைத்து, பெயர் மேலே தெரியும்படி பதித்தார் அப்பா. முதலில் அம்மா ஏறி நின்றாள். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸை, முதலில் வலது, பிறகு இடது, பெயரின் மேல் நிதானமாகத் தேய்த்தாள். ஸால்ஸ்மன் என்ற சொல்லின் பள்ளங்களில் கறுப்பு மண் நிறைந்தது.

நான் கல்லைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனேன்.

"மிதி. கண்ணாடி இல்ல, உடையாது" என்றாள்.

"செத்துப்போனவர்தானேம்மா."

"ஆமா. உசுரோட இருக்கும்போது என்னால முடியல."

என் கட்டுரையின் இருபத்தெட்டுப் பக்கத்தில் இந்த வாக்கியம் எங்கேயும் இல்லை.

டிசம்பரில் என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். எங்கள் மூன்று ஜோடி பூட்ஸ், அடியில் பெயர் தெளிவாகத் தெரியும் கல். அதைப் புத்தாண்டு வாழ்த்து அட்டையாக அச்சடித்துப் பின்னால் எழுதினாள்: "அன்புள்ள வெர்னர், அப்பா நல்ல உபயோகத்தில் இருக்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளை, எல்ஸி."

"இதை அனுப்ப வேண்டாம்மா. அவருக்கு அப்ப பதிமூணு வயசு. அவர் என்ன பண்ணார்?" என்றேன்.

"மேசையில உக்காந்திருந்தான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தான். தடவறதை நிறுத்தல."

அட்டையை என் கையில் கொடுத்தாள். தபால்பெட்டி வரை நடந்தேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வெண்ணெயை நினைத்துக்கொண்டு போட்டேன். சரியா தப்பா என்று இன்றுவரை மாறி மாறி இரு பக்கமும் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறேன். வெர்னரிடமிருந்து பதில் வரவில்லை.

போன மார்ச்சில் தோட்டத்துக்குப் போனபோது அம்மா மண்டியிட்டுப் பழைய பல்துலக்கியால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளில் பாசி பிடித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டிக் கழுவினாள்.

"கல்லறையில இருந்தப்பகூட இவனுக்கு இவ்வளவு கவனிப்பு கிடைச்சிருக்காது" என்றார் அப்பா.

அம்மா தலை நிமிரவில்லை. "பேர் அழிஞ்சுட்டா நான் யார் மேல காலைத் துடைக்கறது?"