எங்கள் வீட்டை வேகன்ட் என்று எழுதினார்கள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேரை. நால்வர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுப்போனவள். ஐவரும் யாரிடமும் கையேந்தாமல் பிழைக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் வீட்டு ஓனர் கூடத்தில் நின்றபடியே போனில் யாருக்கோ, "ஒண்ணாந்தேதிலேர்ந்து வூடு வேகன்ட்டுதாங்க, வந்து பாருங்க" என்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்த்தை மட்டும் அன்றிலிருந்து காதை விட்டுப் போகவில்லை. எனக்கு அது பழைய வார்த்தை.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையிலிருந்து ஓடை இறங்கும் இடத்தில் புறம்போக்கில் எங்கள் வீடு இருந்தது. மண்சுவர், கரும்புச்சோகைக் கூரை, ஒரே ஒரு அறை. சுற்றிலும் எங்களைப் போலக் கூலிக்குப் போகிறவர்கள்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் போன நட்சத்திரம் சரியில்லை, ஆறு மாதம் அடைப்பு என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொன்னார்.

அடைப்பு என்றால், உயிர் போன அறையை மூடிவிட வேண்டும். விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது. கதவில் முள் வைத்துக் கட்டிவிடுவார்கள். அதுவரை போனவர் உள்ளேயே இருப்பார். நடுவில் திறந்தால், தன்னோடு இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம். நாலு அறை இருக்கிறவர்கள் ஓர் அறையை அடைத்துவிட்டு மற்றதில் இருப்பார்கள். எங்களுக்கு இருந்ததே ஓர் அறை. வீட்டையே அடைத்துவிட்டு, எதிரில் புளியமரத்தடியில் சோகைக் கொட்டகை போட்டு, மாமியாரும் நானும் பிள்ளைகளும் இருந்தோம்.

அப்போதுதான் பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்தார். புறம்போக்கில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம் சொந்தம். வாசலில் கோலம் இருக்கிறதா, அடுப்பு புகைகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை, கதவில் முள் வேறு. தலையாரியிடம், "இது வேகன்ட்டு" என்றார்.

தாலி அறுத்த பெண் புது ஆள் முன்னால் வரக்கூடாது என்று நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன். மாமியார்தான் ஓடினார்.

"சாமி, ஆளு இருக்காங்க சாமி. இது அடைப்புங்க."

"ஆளு இருந்தா வூட்ல இல்ல இருக்கணும் ஆயா? மரத்தடிக்கா பட்டா குடுப்பாங்க?"

பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர், "அந்த வூட்டுக்காரன் உசுரோட இருந்தப்பவே வூட்ல தங்கினது இல்லீங்க சார், கரும்பு வெட்டப் போய்க்கினே இருப்பான்" என்றார். துக்க வீட்டிலும் சிரிக்க வைக்கிறவர் அவர். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பெரியவனைக் கேட்டேன். அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான்.

"வேகன்ட்டுன்னா இன்னாடா?"

"காலின்னு அர்த்தம்மா. பஸ்ல சீட்டு காலியா இருக்கும்ல, அது மாதிரி."

"காலி இல்லன்னா எப்படிச் சொல்லணும்?"

மறுநாள் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வந்தான். ஆக்குபைடு, ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். களை எடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வரிசைக்காரி, "இன்னாடி, புருசன் போனதும் மந்திரம் ஓதிகினு இருக்க?" என்றாள். "ஆமாண்டி, ஆர்.ஐ.க்கு வைக்கிற மந்திரம்" என்றேன்.

மாமியார் தடுத்தும் கேட்காமல் சங்கராபுரம் ஆபீசுக்குப் போனேன். வெள்ளைப் புடவையோடு ஆர்.ஐ. மேசைக்கு எதிரில் நின்று சொன்னேன்.

"எங்க வூடு வேகன்ட்டு இல்லீங்க சார். ஆக்குபைடு."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா? உள்ள யாரும்மா இருக்காங்க?" என்றார்.

"என் வூட்டுக்காரருங்க."

 அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். "எனக்கும் ஒரு ஆத்தா இருக்குதும்மா, அடைப்புன்னா இன்னான்னு தெரியும். ஆனா பாரத்துல அத எழுத எடம் இல்ல. நாளைக்கு வர்றேன். முள்ள எடுத்துட்டு, உள்ள ஒரு அடுப்ப மூட்டி, ஒரே ஒரு நிமிஷம் வாசப்படியில நில்லு. எழுதிக்கினு போயிடறேன். அப்பறம் நீ மூடிக்க" என்றார்.

கொட்டகைக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "புள்ளைங்களுக்கு ஒரு எடம் வேணும், அது நெசந்தான். தொறந்தா தொற. எம்புள்ள உள்ள கெடக்கறான், அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொற" என்றார். வேண்டாம் என்று சத்தம் போட்டிருந்தால் கூட நான் திறந்திருப்பேன்.

சொன்னபடி மறுநாள் ஆர்.ஐ. வந்தார். கதவுக்கு முன்னால் போய் நின்றேன். இலந்தைமுள். கையை வைத்தேன். பசங்களுக்காக எழுந்திரு, ஒரு நிமிஷம் நகர்ந்துக்க என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் போனேன்.  கடைசி நாட்களில் அவர் தூக்கமில்லாமல் கிடந்தார். கொஞ்சம் கண்ணயர்ந்தால் பிள்ளைகளைக் கூட வெளியே துரத்திவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்திருப்பேன். அதே வாசல்தான் இது. கையை எடுத்துவிட்டேன்.

ஆர்.ஐ. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நின்று பார்த்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு நடந்துவிட்டார். மற்ற வீடுகளுக்கெல்லாம் பட்டா வந்தது.

அடைப்பு முடிந்து திறந்தபோது கூரையைக் கரையான் தின்றிருந்தது. மறுபடி வேய்ந்து அதிலேயே இருந்தோம். சில வருஷம் கழித்து ஓடைக்கரையில் ரோடு வந்தது. பட்டா வைத்திருந்தவர்களுக்கு மேட்டில் வேறு இடம் கொடுத்தார்கள். நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அதிலிருந்து வாடகை வீடுதான். மாமியார் உயிர் போனதும் ஒரு வாடகை வீட்டில்தான். பிணத்தை உள்ளே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் கிடத்தினோம்.

பெரியவன் ஒரே ஒரு தடவை கேட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பெண்டாட்டியோடு வாடகைக்கு வீடு தேடி அலைந்துவிட்டு வந்த அன்று. "ஒரு நிமிஷந்தானம்மா கேட்டாரு."  அவன் கேட்டது நியாயம். ஆனால் இன்றைக்கு அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் என் கை அந்த முள்ளை எடுக்காது. இதை அவனிடம் நேராகச் சொல்ல என்னால் இதுவரை முடியவில்லை. அதனால்தான் அவன் மகளிடம் சொல்லி எழுத வைத்தேன்.

பாப்பா, மூட்டை கட்டுவதை அப்புறம் பார்க்கலாம். உங்கப்பன் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு உட்காரட்டும். அவன் காதில் விழுகிற மாதிரி இதை முதலிலிருந்து படி.